கடைசியாகத் தொட்டவர்

“இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை அந்த விசிலைக் கட்டிட்டு அழப்போறீங்க?” என்று காலையில்தான் கணக்காளரின் மனைவி கேட்டிருந்தாள்.

அலுவலகக் கூடைப்பந்துக்கு அவர்தான் நடுவர். மேனேஜர் ஒப்படைத்த வேலை. முடியாது என்று சொல்ல வாய் வருமா?

ஆட்டம் முடிகிற நேரம். மேனேஜரும், எதிரணியில் ஆடிய டிரைவரும் ஒரே பந்துக்குத் தாவினார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்குத்தான் இனி பந்து.

கணக்காளர் விசில் ஊதினார். “சார், கடைசியா உங்க கைதான் பட்டுச்சு. பந்து அவங்களுக்கு.”



“சார், உங்களுக்கு வேலை வேணாமா?” என்று டிரைவரே கிசுகிசுத்தார்.

மேனேஜர் விறுவிறுவென்று வந்தார். கணக்காளர் தயாராக விசிலைக் கழற்றி நீட்டினார். உண்மையில், கடைசியாக டிரைவர் கை பட்டதைத்தான் அவர் பார்த்திருந்தார். இந்த அநியாயத்துக்காவது நடுவர் வேலையிலிருந்து தன்னைத் துரத்திவிட மாட்டாரா என்ற நப்பாசை!

மேனேஜர் விசிலை வாங்கி, அவர் கழுத்திலேயே திரும்ப மாட்டினார்.

“அவன் தொட்டப்புறம் என் நகம் லேசா உரசுச்சு. ஒருத்தரும் பார்க்கலைன்னு நெனச்சேன். என்ன கண்ணுய்யா உனக்கு! நான் ரிடையர் ஆகற வரைக்கும் நீதான்யா ரெஃப்ரி!”