பூந்தியிடம் கேட்ட கேள்வி

வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, நாய் என்றதும் எத்தனையோ வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். கொளத்தூர் மரகதம்மாள் மட்டும் சிரித்தபடி உள்ளே அழைத்தாள்.

"இதுல ஏதோ இருக்கு" என்று மனைவி இளவேனிலிடம் முணுமுணுத்தான் சற்குணம்.

மரகதம்மாள் அவர்களுடைய நாய் பூந்தியின் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டினாள். குரைப்பதை அது தமிழில் சொல்லும்.

"பழைய வீட்டை ஏன் காலி பண்ணீங்க?" என்று பூந்தியிடம் கேட்டாள்.

"அது சும்மா குரைக்கும்மா, அதான்" என்று சற்குணம் முந்திக்கொண்டான்.

பூந்தி அவனைப் பார்த்து வாலை ஒடுக்கியது. பிறகு குரைத்தது.

"அவர் இளவேனில் அம்மாவை அடிப்பார். நான் கத்துவேன்" என்றது பட்டை.

"மெஷினை நம்பாதீங்க!" சற்குணம் எழுந்துவிட்டான். இளவேனில் பூந்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மரகதம்மாள் அவளைக் கூர்ந்து பார்த்தாள். "உனக்கும் பூந்திக்கும் வீடு தரேம்மா. இவருக்கு இல்ல."

"வாடி, போகலாம்" என்றான் சற்குணம்.

இளவேனில் மரகதம்மாளிடம் வீட்டுச் சாவிக்குக் கை நீட்டினாள்.