தலைச்சூலி

"அசையாம உக்காரும்மா" என்றாள் மாமியார் நீலாயதாட்சி.

அசைய முடிந்தால்தானே.

மருமகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் சிவப்புப் புடவை, கழுத்தில் செவ்வரளி மாலை, வயிற்றில் நான்கு மாதம்.

எதிரே முக்கோணத்துக்குள் முக்கோணமாகக் கோலம். கோல ஓரத்தில் வெண்பூசணி. பக்கத்தில் கத்தி.

கத்தி பூசணிக்குத்தான் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பாழும் மனசு கேட்க வேண்டுமே.

கோடி வீட்டு மரகதம் போன மாதமே சொல்லியிருந்தாள்.

"தாந்திரீகக் குடும்பம்டி அது. செவப்புப் பொடவை எடுத்துக் குடுத்தாங்கன்னா உஷாரா இருந்துக்க. அந்தப் பூசை மொதப் புள்ள சொமக்கிற தலைச்சூலியத்தான் கேக்கும்."

நேற்று மாமியார் சிவப்புப் புடவையோடு வந்து நின்றாள். சுவாசினி பூஜை, நம்ம வீட்டு வழக்கம் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

கணவன் கப்பலில் இருக்கிறான். வர இன்னும் இரண்டு மாதம்.

நேற்று ராத்திரி கொல்லையில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். என்னை வெட்டப் போறாங்கண்ணே என்று அழுதாள். செல்லத்துரை எதையும் நின்று விசாரிக்கிற ஆள் இல்லை. காலையில் நாலு பேரோடு வருகிறேன் என்று வைத்துவிட்டான்.

இன்னும் வரவில்லை.

மாமியார் கண்ணை மூடித் தன் நெஞ்சைத் தொட்டாள். உச்சந்தலையைத் தொட்டாள். தலையைச் சுற்றி விரலைச் சொடுக்கினாள். வாய்க்குள் ஓடிய முணுமுணுப்பில் இவள் பெயர் வந்தது.



மாமியாரின் கை கத்திப் பக்கம் நீண்டது.

வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக்கினாள். பிள்ளையை விட்டுவிடு, பிள்ளையை மட்டும் விட்டுவிடு.

காலில் ஈரம் பட்டது.

ரத்தம்தான் என்று நினைத்தாள். வலிக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். தண்ணீர். கத்திக்கு அப்பால் இருந்த செம்பை எடுத்து, மாமியார் அவள் பாதங்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். துடைத்து மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். விரலுக்கு ஒரு பூவாக வைத்தாள். பிறகு, வலிக்கிற முழங்காலை மடக்கி, அந்தப் பாதங்களின் மேல் தலையைச் சாய்த்தாள்.

"இன்னிக்கு நீதாம்மா அம்பாள். எந்தலையில கை வச்சு வாழ்த்து. நீ கை வைக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கக் கூடாது."

அவளுக்குக் கை வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தத் தலையையா சந்தேகப்பட்டோம்?

வாசலில் கேட் இடிபட்டது.

நாலைந்து பேரின் காலடிகள். எதுவோ உடைந்து விழும் சத்தம்.

"எங்கடா அந்தக் கெழவி?"

அண்ணன் குரல்.

அவன் உள்ளே வந்ததும் முதலில் அந்தக் கத்திதான் கண்ணில் படும். அப்புறம் அவன் யார் சொல்வதையும் கேட்கமாட்டான்.

அண்ணே வேணாம் என்று கத்தப் பார்த்தாள்.

மாமியார் தலையைத் தூக்கவில்லை. காத்திருந்தாள்.

கூடத்துக் கதவு திறந்தது. முதலில் ஓர் உருட்டுக்கட்டை உள்ளே வந்தது.

அவள் குனிந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, அந்த நரைத்த தலையின் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.