நாற்பதடிக் கிணறு

"சுத்துவட்டாரத்துல எல்லாக் கிணறும் அதலபாதாளத்துக்குப் போயிடுச்சு. உங்களுது மட்டும் எப்படிங்க அசையாம நிக்குது?"

நீர்வளத் துறைப் பொறியாளர் அம்மா நேரில் வந்து இப்படிக் கேட்டதும், கிணற்றை அளப்பவர் வெட்கத்தில் நெளிந்தார்.

"எல்லாம் உங்க ராசி மேடம்."

மாதம் ஒருமுறை டேப்பைக் கிணற்றுக்குள் விட்டு, எத்தனை அடியில் தண்ணீர் என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. மூன்று வருடமாக மழை கண்ணாமூச்சி ஆடுகிறது. மற்ற கிணறுகளில் அறுபது, எழுபது, தொண்ணூறு என்று தண்ணீர் இறங்கிக்கொண்டே போக, இவருடையது மட்டும் ஆரம்பத்தில் முப்பத்தைந்து, அப்புறம் நாற்பது. அதோடு சரி. எந்த மாதத்தைப் புரட்டினாலும் நாற்பது! அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'நாற்பதடியார்'.

பொறியாளருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பின்னே? புதுக் குடியிருப்பின் முந்நூறு வீடுகளுக்கும் குடிக்க இந்தக் கிணற்றை விட்டால் வேறு கதியில்லை. 'தண்ணீர் உண்டு' என்று காலையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்நேரம் அங்கே ஜனங்கள் சட்டி பானையோடு வந்து இறங்கியிருப்பார்கள்.

"உலகமே தண்ணி தண்ணின்னு அடிச்சுக்குது. நமக்கு அடிச்சது பாருங்க யோகம்! எங்கே, என் கண்ணு முன்னால ஒருதரம் அளங்க. போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பறேன்."

நாற்பதடியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். விறுவிறுவென்று இறங்கிய டேப் டக்கென்று நின்றது.

"நாப்பது!"

பொறியாளர் கைதட்டாத குறை. வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். மேலே வந்த டேப்பின் நுனியில் கட்டியிருந்த இரும்புக் குண்டை ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க இது, பொட்டு ஈரம்கூட இல்லையே?"

"எப்பவும் அப்படித்தான் மேடம். இந்த டேப்பே நாப்பதடிதானே!"

பொறியாளர் பாய்ந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். முந்நூறு குடும்பம்!

"அடப் பாவி மனுஷா! பெரிய டேப் வேணும்னு ஒரு வார்த்தை எழுதிக் கேக்கக் கூடாதா?"

"கேட்டேனே மேடம்! 'தண்ணிதான் நாப்பதடியிலயே நிக்குதே, நூறடி டேப் எதுக்குத் தண்டச் செலவு'ன்னு நீங்கதானே கைப்பட எழுதித் திருப்பி அனுப்பினீங்க?"