உண்மையில் நடந்த கதை

முள்ளம்பன்றி தன் முள்ளாலேயே தேக்கிலைகளில் ஒரு புத்தகம் எழுதி முடித்தது. குட்டியைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை அது. பக்கத்து வளை முயல் ஒரு மழைநாளில் அழுதுகொண்டே சொன்னது. "எழுதிக்கொள். ஆனால் என் கதை என்று யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டது.

புத்தகத்தை யாரும் சீண்டவில்லை. முள்ளம்பன்றி, காட்டுக்கே செய்தி சொல்லும் மைனாவிடம் போனது.

"புத்தகம் என்றால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். நம் காட்டில் உண்மையில் நடந்தது என்று சொல்கிறேன், கூட்டம் வரும்" என்றது மைனா.

"முயலுக்குச் சங்கடமாகிவிடுமே."

"பெயரையா சொல்லப்போகிறோம்?"

முள்ளம்பன்றி வெகுநேரம் யோசித்தது. பெயரைச் சொல்லவில்லையே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, சரி என்றது.

மைனா கூவிய அன்றே கூட்டம் கூடியது. இலைகள் கைமாறின. கதை எப்படி என்று ஒருவரும் பேசவில்லை. அந்தத் தாய் யார் என்பதுதான் பேச்சு. மானா, அணிலா என்று துருவிக்கொண்டே போய், சாயங்காலத்துக்குள் முயலின் வளை வாசலில் நின்றார்கள்.

"குட்டி செத்தபோது நீ எங்கே போயிருந்தாய்?" என்று ஒரு குரல் கேட்டது.

முள்ளம்பன்றி மைனாவிடம் ஓடியது. "போதும், நிறுத்து."

"நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். இப்போது அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்."

மறுநாள் வளை காலியாக இருந்தது. முள்ளம்பன்றி அதன் வாசலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. அந்த வழியாக வந்த நரி நின்று, பிரியமாக விசாரித்தது.

"புத்தகம் பிரமாதம். அடுத்தது யாருடைய கதை?"