ஓரம் கோணாத கடிதம்

குற்றாலத்து விடுதி ஒன்றின் வரவேற்பில் வேலை பார்த்த பெர்சிஸ் முதலாளிக்கு எழுதிய கடிதத்தை மேலாளர் சுடலைமணி மூன்று தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கையெழுத்தில்லாமல் எதுவும் முதலாளிக்குப் போகாது. அவரோ முதல் வரியைத் தாண்டுவதற்குள், "ஓரம் கோணலா இருக்கு, போ" என்பார்.

நாலாவது தடவை அவள் ஒரு பென்டிரைவோடு வந்தாள்.

"ஏம்மா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புதுசா எதையும் ஏத்தக் கூடாதுன்னு சொல்லிருக்கேம்லா?"

"ஏத்தல சார். பக்கம் வடிவமைக்கிற சாப்ட்வேர் முழுசும் இதுக்குள்ளயே இருந்து ஓடுது. உருவிட்டா உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணும் மிஞ்சாது."

அச்சாகி வந்த தாளில் சுடலைமணி ஸ்கேலை வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அடேயப்பா! நூல் பிடிச்ச மாதிரில்லா இருக்கு!"

'பரிந்துரைக்கிறேன்' என்று முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, கூரியர்காரரிடம் அவரே கொடுத்தார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பெர்சிஸுக்கு மூச்சே வந்தது.

"ஆமா, எத்தன நாள் லீவு கேட்டிருக்க?"

"லீவு இல்ல சார். உங்கள உடனே நம்ம பாவூர்சத்திரம் லாட்ஜுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன்."