வெளியே பூட்டிய வீடு

“பூட்டுடி, சீக்கிரம்!”

மகளை வெளியே நிறுத்திவிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் பதுங்கினாள் செண்பகம். குழுக்கடன் பெண்கள் வந்துவிட்டார்கள். எட்டுப் பேர் தவணையையும் தலைவி பிலோமினா வாங்கி மொத்தமாகக் கட்ட வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் வசூல்காரர் வாங்கமாட்டார்.

“அம்மா ஊருக்குப் போயிருக்கு.”

“புருஷன் இல்லாதவளேன்னு பாவம் பார்த்துச் சேர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! வெளிய வாடி!” பிலோமினா கதவை உதைத்தாள்.

மகள் அழுதாள். செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. மூக்குத்தியைக் கழற்றியபடி எழுந்தாள். அதற்குள், தனியாக வீட்டைச் சுற்றி வந்த பிலோமினாவின் முகம் பின்ஜன்னலில்.

“கும்பிடுறேன் செண்பகம், வந்துடாத,” என்று கிசுகிசுத்தாள். “மத்தவளுங்க பணத்தை நான் செலவழிச்சிட்டேன். நீ கட்டிட்டா, மொத்தப் பணம் எங்கேன்னு என்கிட்ட கேப்பாங்க.”