மச்சான் வாசலில் மூணு வேளை

நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிற மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது?

"வாங்க மாப்ள! என்ன, இன்னைக்கும் எலும்பு பொறுக்க வந்தீகளா?"

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே சிவனாண்டி கேட்டது தெரு முழுக்க விழுந்தது. வாசலில் நின்ற தவசி வாயைத் திறந்தார். மூடினார். அப்புறம் கெந்திக் கெந்தித் திரும்பி நடந்தார்.

எதிர்வீட்டில் முறத்தோடு நின்ற பாண்டியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சு வாங்கியவர் அவள் புருஷன். பேசியவர் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

பதினோரு வருஷத்துப் பகை. சிவனாண்டி வீட்டுக் காதுகுத்து விருந்தில், தவசி இலையில் மட்டும் கறிக்குப் பதில் எலும்பாக விழுந்துவிட்டது. "வீட்டு மாப்பிள்ளைக்கு எலும்பா?" என்று இலையை மடக்கிவிட்டு எழுந்தவர்தான். அன்றிலிருந்து வண்டியூரில் அந்த எதிரெதிர் வீடுகளில், ஒருவர் கோழி அடுத்தவர் வாசலில் கால் வைத்தாலும் பஞ்சாயத்து.

அப்பேர்ப்பட்ட தவசி, பதினெட்டு நாளாக மச்சான் வாசலில் போய் நிற்கிறார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. மருந்து சாப்பிடுகிற மாதிரி மூணு வேளை. போவார், நிற்பார், பேச்சு வாங்குவார், திரும்புவார்.

பாண்டியம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போன மாசம்தான் அவர் இடது கால் கட்டைவிரல் கறுத்துப்போய், பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கண்ணாடி போட்ட சின்ன வயசு டாக்டர், கணக்கு வாத்தியார் மாதிரி விரலை ஆட்டினார். "பீடிப் புகை ரத்தக்குழாயை அடைக்குதுய்யா. பீடி வேணுமா, காலு வேணுமா? ஒண்ணைச் சொல்லு."

அப்புறம் அவளை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, தவசியிடம் மட்டும் என்னமோ ரகசியம் பேசினார்.

அதோடு சரி. வீட்டில் பீடி வாசனையே இல்லை. அவருடைய வாடகை சைக்கிள் கடைக்குப் போய்க் கூட மோந்து பார்த்துவிட்டாள். பஞ்சர் ஒட்டுகிற பசை வாசனைதான் வந்தது. நாளைக்கு ரெண்டு கட்டு இழுத்த மனுஷன்! அதுவும் புரியவில்லை.

கேட்டே விட்டாள்.

"ஏங்க, எதுக்கு அங்க போய் நிக்கிறீக?"

"சும்மாதான்."

"சும்மா நிக்க நமக்கு வாசல் இல்லையா?"

"இருக்கு. ஆனா அங்க போய் நின்னாத்தான் சும்மா இருக்க முடியுது."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

பக்கத்து வீட்டு மாயக்காள்தான் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி விளக்கம் சொன்னாள். "காலு போகப்போகுதுன்னா மனசு சொந்தபந்தத்தைத் தேடுமடி. உம் புருசன் பாவம், சமாதானத்துக்கு அலையுறாரு. உங்கண்ணன்தான் கல்லு. கருங்கல்லு!"

அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு என்ன?

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பாண்டியம்மாள் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் தெருவைத் தாண்டினாள்.

"அண்ணே."

சிவனாண்டி கட்டிலை விட்டு எழுந்தே விட்டார். "வா தாயி! உள்ள வா! காப்பித்தண்ணி போடச் சொல்லவா?"

கருங்கல் இப்படிப் பேசுமா? அவளுக்கு மேலும் குழம்பியது.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இதே மாதிரி அவரைப் பார்த்து, 'உள்ள வாங்க மாப்ள'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"சொல்ல மாட்டேன்."

"அவரு காலு போகப்போகுதுண்ணே!"

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"நீயெல்லாம் ஒரு மனுசனா?" அவள் குரல் உடைந்தது. "நொண்டிக்கிட்டு வாராரு, நாயை விரட்டுற மாதிரி விரட்டுற! நாளைக்குக் கக்கத்துல ரெண்டு கட்டை வச்சு நடந்தாருன்னா உனக்கு நிம்மதியா?"

சிவனாண்டி சுவர் மாடத்துக்குள் கையை விட்டு ஒரு பீடிக்கட்டை எடுத்து நீட்டினார். தவசி குடிக்கிற அதே பீடி.

"ஆஸ்பத்திரிக்குப் போனீகள்ல, அன்னைக்கு மாப்ள வந்து இந்தப் புதுக் கட்டை என் கட்டில்ல வீசிட்டு என்ன சொன்னாரு தெரியுமா?" தவசியின் கட்டைக் குரல் சிவனாண்டி தொண்டையிலிருந்து அப்படியே கிளம்பியது. "'யாருகிட்டக் கை நீட்டுனா உனக்கு மானம் போகுமோ, அவருகிட்டப் பீடியைக் குடுத்து வை, வேணும்கிறப்ப அவருகிட்டக் கேட்டு வாங்கிக் குடின்னு டாக்டர் சொல்லிப்புட்டாரு. வேற எங்கயும் தொடமாட்டேன்னு அழகர் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். ஊரெல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டேன், உன்னைவிட்டா ஆளு இல்ல'ன்னாரு."

பாண்டியம்மாள் பீடிக்கட்டைக் கையில் வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"கட்டுக்கு இருபத்தஞ்சு இருக்கணுமே. ஒண்ணு குறையுதேண்ணே?"

சிவனாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"அது என் தப்பு தாயி. மொதத் தடவை வந்து நின்னப்ப, என்னையறியாம 'உள்ள வாங்க மாப்ள'ன்னு வாய் நிறையச் சொல்லிப்புட்டேன். சடக்குன்னு கை நீட்டி ஒண்ணு கேட்டு வாங்கிட்டாரு."